அடுப்படிப் புகைக்கு ஒரு வழி: கிளிவெட்டி மக்களுக்குத் திறந்த மடல்

அன்புக்கும் மரியாதைக்குமுரிய கிளிவெட்டிப் பெரியோர்களே, தாய்மாரே, உடன்பிறந்தோரே,

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவை நாடிச் செல்லும் நம் கிளிவெட்டி வயற்புலத்திலே பிறந்து, காலத்தின் கட்டளையால் இலண்டன் மாநகரிலே குடியேறி வாழும் நான், ஊரின் க்ஷேமத்தைக் கருதி உங்கள் முன் வைக்க விரும்பும் விஷயம் ஒன்றே. விடியலிலும் அந்தியிலும் நம் அடுப்படிகளில் எழுந்து, வெளியேற வழியின்றிக் கூரையின் கீழே தங்கி, தாய்மாரின் நெஞ்சிலும் அவர்கள் மடியிலிருக்கும் பிள்ளைகளின் நெஞ்சிலும் படிகின்ற விறகுப் புகையைப் பற்றியதே அது.

நம் அயலூராகிய சம்பூரிலே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக நிறுவ முற்பட்டபோது, அதன் புகையும் சாம்பலும் நிலத்தையும் நீரையும் காற்றையும் கெடுக்கும் என்று மக்கள் குரலெழுப்பியதையும், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும், 2016 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசு அந்த மன்றத்திலேயே அறிவித்ததையும் நீங்கள் அறிவீர்கள். நிலக்கரி வரவிருந்த அந்த மண்ணில், 2025 ஏப்ரலில், சூரிய மின்நிலையத்துக்கான வேலை தொடக்கி வைக்கப்பட்டது. எழாத புகைக்கூண்டின் தீங்கை முன்கூட்டியே உணர்ந்து தடுத்த ஒரு சமூகம், வீட்டுக்குள் நாள்தோறும் எழும் புகையை விதியென்று பொறுத்திருப்பது தகாது. உயர்ந்த கூண்டிலிருந்து வெளிப்படும் புகை காற்றிலே கலந்து ஐதான பின்னரே மனிதரை அடைகிறது. அடுப்புப் புகையோ முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பிறந்து, நேரே மூக்கினுள் புகுகிறது.

விறகு முழுமையாக எரியாதபோது, கண்ணுக்குத் தெரியும் கரியோடு, தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்களவான நுண்துகள்களும், மணமும் நிறமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவும் வெளிப்படுகின்றன. அத்துகள்கள் சுவாசப்பையின் ஆழம் வரை சென்று, இரத்த ஓட்டத்தையும் பாதிக்கின்றன. பிள்ளைகளுக்கு நியூமோனியாவும், பெரியவர்களுக்கு நாட்பட்ட சுவாச வியாதி, மாரடைப்பு, பக்கவாதம், சுவாசப்பைப் புற்றுநோய் ஆகியவையும் இதனால் நேர்கின்றன. அடுப்பூதும் பெண்களின் கண்களில் புரை படர்வதற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ‘அம்மாவுக்கு எப்போதும் இருமல்தான்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் இருமலுக்கும் இந்தப் புகையே காரணமாக இருக்கலாம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். கிடுகு வேய்ந்து, அரைச்சுவர் வைத்து, வீட்டை விட்டுச் சற்று விலக்கிக் கட்டிய அக்கால அடுப்படியிலே, புகை கூரையிறப்பின் வழியே தானாக வெளியேறியது. யுத்தமும் இடப்பெயர்வும் அந்த அமைப்பைக் குலைத்தன. 2006ஆம் ஆண்டில் சம்பூர்ப் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் நம்மூர் இடைத்தங்கல் முகாமிலே, தகரத்துக்கும் தறப்பாளுக்கும் நடுவே, உறங்கிய இடத்துக்கு அருகிலேயே சமைத்து ஆண்டுக்கணக்காக வாழ்ந்ததை நீங்களே கண்டீர்கள். பின்னர் எழுந்த கல்வீடுகளில் அடுப்படி வீட்டோடு ஒட்டிக்கொண்டது. சுவர் கூரை வரை உயர்ந்தது. ஆனால் அடுப்பில் எரிவதோ அதே விறகு. கட்டடம் மாறியும் புகைக்கு வழி வைக்காததால், பழைய குடிலில் இருந்த நன்மையையும் இழந்து, புதிய வீட்டின் நன்மையையும் பெறாத நிலையில் இருக்கிறோம்.

நான் வாழும் இந்நகரத்தின் சரித்திரம் இங்கே நமக்குப் பயன்படும். 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் இலண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டார்கள். அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளரின் அபிப்பிராயம். அப்புகையில் பெரும் பங்கு வீடுகளின் நிலக்கரி அடுப்புகளிலிருந்து வந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டத்தை இயற்றிய அரசு, புகை வெளிவிடக்கூடாது என்று கட்டளையிட்டதோடு நில்லாமல், வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தது. ஏழையின் அடுப்பை மாற்ற ஊரின் பணம் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம்.

அடுப்பை மாற்றும் முயற்சி நம் நாடுகளுக்கும் புதிதன்று. 1953இலேயே ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பார், கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற அடுப்படி வேண்டும் என்று ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1980களில் இலங்கையிலே உருவான ‘அனகி’ என்னும் இருவாய் மண்ணடுப்பு, முன்வாயில் எரியும் நெருப்பின் சூட்டைப் பின்வாய்க்கும் செலுத்தி, விறகை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் அதற்குப் புகைபோக்கி இல்லையாதலால், அடுப்படியிலே காற்றுக்கு வழியும் வேண்டும். இந்தியாவில் 1980களில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கு மேலான அடுப்புகள் வழங்கப்பட்டும், கரி அடைத்த குழாயைத் துடைப்பாரும் உடைந்ததைத் திருத்துவாரும் இன்றி, அவற்றுள் பல கைவிடப்பட்டன. ஆகவே அடுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் பேணுவதற்கும் ஊரில் ஆள் வேண்டும்.

எரிவாயு, திருத்திய விறகடுப்பினும் சிறந்தது. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் வேறு மூன்று நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2022இல் முடிவு வெளியான ஆய்வொன்றில், விறகில் சமைத்தோர் சுவாசித்த நுண்தூசு ஒரு கனமீற்றருக்குச் சுமார் 70 மைக்கிரோகிராமாகவும், எரிவாயுவில் சமைத்தோருக்கு அது 24 ஆகவும் இருந்தது. பிறந்த குழந்தைகளின் நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஒரு சில மாதத்துச் சுத்தம் எல்லாவற்றையும் சீர்செய்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கலாகாது. மேலும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமற்போனதும், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும், நாடெங்கும் மக்கள் விறகுக்குத் திரும்பியதும் நாம் மறக்கக்கூடியவையல்ல. எரிவாயு உள்ள வீட்டிலும் நல்ல விறகடுப்பு ஒன்று இருப்பதே விவேகம்.

ஆகையால் உங்களை நான் வேண்டுவன இவை. புதிதாக வீடு கட்டுவோர் மேசனிடம் முதற்கேள்வியாக, புகை எவ்வழியே போகும் என்று கேளுங்கள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி அமைத்து, அதன் வாயைக் கூரை முகட்டுக்கு மேலே உயர்த்துங்கள். அது இயலாவிடின், சூடான புகை மேலெழும் இயல்புடையதாகையால், சுவரின் உச்சியிலே துவாரங்களும் எதிர்ப்புறம் தாழ்வாக ஒரு சாளரமும் வையுங்கள். மாரி தொடங்குமுன் விறகைப் பிளந்து நனையாமல் அடுக்குங்கள். ஈரவிறகே புகையின் தாய். பன்னாடையும் தென்னம்பாளையும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, பொலித்தீன் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டாதீர்கள். அதன் புகையில் விறகுப் புகையினும் கொடிய நஞ்சு உண்டு. பயறு கடலையை முன்னிரவிலேயே ஊறவிட்டு, பானையை மூடிச் சமைத்தால் நெருப்பெரியும் நேரமே குறையும். கைக்குழந்தையை அடுப்படியில் கிடத்தாதீர்கள். தணற்சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

படுக்கையறைக்கும் ஒரு வார்த்தை. ஒரு நுளம்புத்திரி எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கண்டது. 2017இல் கிண்ணியாவைச் சூறையாடிய டெங்கு நமக்குத் தூரத்துச் செய்தியன்று. நுளம்பைத் தடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதற்கு உகந்த சாதனம் வலையும், நீர் தேங்காத வளவுமே. கதவடைத்த அறையில் பிள்ளைகளின் தலைமாட்டிலே இரவு முழுவதும் திரி கொளுத்துவதை விட்டுவிடுங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களே, எந்த வீட்டில் புகைக்கு வழியில்லை என்பதை உங்களைவிட நன்கறிந்தோர் இல்லை. அவ்வீடுகளின் விபரத்தைத் திரட்டித் தாருங்கள். குடும்பத் தலைவர்களே, அடுப்படியில் நிற்பவர்கள் பெண்களாயினும், சுவரை உடைத்துச் சாளரம் வைக்கும் தீர்மானம் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதனை இந்த மாரிக்கு முன் செய்யுங்கள்.

என்போல் கடல் கடந்து வாழும் கிளிவெட்டி மக்களுக்கும் இம்மடல் உரியது. கோயில் திருப்பணிக்கும் முன்விறாந்தைக்கும் பணம் அனுப்புகிறோம், அது நற்காரியமே. இவ்வாண்டு முதல் ஒவ்வொருவரும் ஊரிலுள்ள ஓர் அடுப்படிக்குப் புகைபோக்கி அமைக்கும் செலவை ஏற்போமாக; முதலில் சொந்த வீட்டுக்கு, அடுத்து ஆதரவற்ற ஒரு தாயின் வீட்டுக்கு.

இங்ஙனம்,
இலண்டனிலிருந்து
உங்கள் ஊரவன்