சாதுவான சந்தை எது?

அமெரிக்க சர்க்காரின் கடன் பத்திரங்களின்மீது சிக்காகோ நகரில் நடைபெறும் முன்பேர வியாபாரத்தைப் பற்றி நமது வாலிபர்களில் சிலரிடம் ஒரு விபரீத நம்பிக்கை காணப்படுகிறது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் தினப்பேரத்திற்குக் கச்சா எண்ணெயைவிடவும், பங்குக் குறியீட்டைவிடவும், கடன் பத்திரமே சாதுவானது என்கிறார்கள். இதில் பாதி மெய், பாதி மயக்கம்.

மெய்யை முதலில் கூறிவிடுவோம். அங்கே நீண்டகாலப் பத்திரங்களின் முன்பேரம் 1977-ம் வருஷத்திலும், பத்து வருஷப் பத்திரத்தின் முன்பேரம் 1982-லும் தொடங்கின. பின்னதில் ஓர் ஒப்பந்தத்தின் முகமதிப்பு 1,00,000 டாலர். நூற்றுக்கு ஒரு டாலர் விலை மாறினால் லாபமோ நஷ்டமோ 1,000 டாலர். வாங்குவோரும் விற்போரும் ஏராளமாதலால் விலை பெரும்பாலும் படிப்படியாகவே நகர்கிறது. எண்ணெயின் கதை வேறு. அதில் ஓர் ஒப்பந்தம் 1,000 பீப்பாய். 2020 ஏப்ரல் 20-ந் தேதியன்று, மே மாத எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 55 டாலர் 90 சென்ட் சரிந்து, பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் 63 சென்டில் போய் நின்றது. ஒரே ஒப்பந்தத்துக்கு ஒரே நாளில் 55,900 டாலர் நஷ்டம்! கடன் பத்திரச் சந்தை இத்தகைய பிரளயத்தைக் கண்டதில்லை.

மயக்கம் எங்கே பிறக்கிறது? அசைவு சிறிதானால் லாபமும் சிறிது. ஓர் ஒப்பந்தத்தில் கிடைக்கும் சில்லறை தரகுக்கே சரியாய்ப் போவதைக் காண்பவன் பத்தாக வாங்குகிறான். முழு விலையில் மிகச் சிறு பங்கை ஈடாகக் கட்டினால் போதுமாதலால் கை தாராளமாக நீள்கிறது. பத்து ஒப்பந்தம் என்றால் பத்து லட்சம் டாலர் பத்திரத்தின் பொறுப்பு. நூற்றுக்கு அரை டாலர் விலை நழுவினாலும் 5,000 டாலர் போயிற்று. அந்நாட்டு வேலைவாய்ப்புக் கணக்கு வெளியாகும் காலை எட்டரை மணிக்கோ, பெடரல் ரிசர்வ் வட்டி விகிதத்தை அறிவிக்கும் பிற்பகலிலோ, சாதுவான அதே சந்தை கணப்பொழுதில் சீறிப் பாய்கிறது. ஆகவே அபாயம் சரக்கில் இல்லை. சக்திக்கு மிஞ்சி ஏற்கும் பொறுப்பில் இருக்கிறது.

முன்பேரமே பாபம் என்று நாம் சொல்லவில்லை. பத்திரங்களை ஏராளமாக வைத்திருக்கும் பாங்குகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வட்டி மாறுதலினின்று தம்மைக் காத்துக்கொள்ள இது தக்க சாதனம். காப்பதற்குப் பத்திரமே இல்லாதவன் புகும்போதுதான் அது பந்தயமாகிறது. பிரேஸிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு முன்பேரத்தில் புகுந்து, முந்நூறு நாட்களுக்கு மேல் விடாமல் தினப்பேரம் செய்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் நஷ்டமடைந்ததாக ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் நாட்டிலோ, பங்கு முன்பேரத்திலும் ஆப்ஷனிலும் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் 2021-22 முதல் மூன்று வருஷங்களில் நஷ்டமுற்றனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியே அறிவித்தது. எத்தனை குடும்பங்களின் சேமிப்பு இது!

சிக்காகோ ஆசைக்குச் சட்டமும் இடந்தரவில்லை. வெளிநாட்டுச் சந்தைகளுக்கு ஈட்டுப்பணம் அனுப்பத் தனிநபர்களை ரிசர்வ் பாங்கின் விதிகள் அனுமதிப்பதில்லை. உள்நாட்டிலோ, சர்க்கார் பத்திர முன்பேரம் 2003-லும் 2009-லும் தொடங்கி வேரூன்றாமற்போய், 2014-ல் மறுபடியும் தொடங்கப்பெற்றது. பங்கு முன்பேரத்தைப்போல் அது சாமானியரிடம் இன்னும் பரவவில்லை. வெள்ளம் வருமுன்னரே அணை போடுதல் விவேகம். தரகர்களின் எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. மனிதனின் வருமானத்தைப் பார்த்தே அவன் ஏற்கும் பொறுப்புக்கு வரம்பு விதிக்கவேண்டுமென்று அதிகாரிகளை வற்புறுத்துகிறோம்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பர் முதல், ரிசர்வ் பாங்கிலேயே நேரடியாகக் கணக்குத் தொடங்கிப் பத்தாயிரம் ரூபாய்க்குக்கூட சர்க்கார் பத்திரம் வாங்க வழி இருக்கிறது. பத்திரத்தை வாங்கி வைத்திருப்பவன் தேசத்துக்குக் கடன் கொடுக்கிறான். உரிய வட்டியும் பெறுகிறான். நிமிஷத்துக்கு நிமிஷம் அதன் விலைமீது பந்தயம் கட்டுபவன் தேசத்துக்கும் கொடுப்பதில்லை, தன் வீட்டுக்கும் கொண்டுவருவதில்லை. இவ்விரண்டில் எது ஆண்மையென்பதை அவர்களே யோசித்து முடிவு செய்வார்களாக.