வேதவாக்கியமென்னும் பட்டயம்

கிறிஸ்தவ வாழ்வு ஒரு போராட்டம் என்பதும், அப்போராட்டத்தில் நமக்கு அளிக்கப்பட்டுள்ள பட்டயம் வேதவாக்கியமே என்பதும் நம் ஆலயங்களில் அடிக்கடி கேட்கப்படும் உபதேசமாகும். கேட்டுக் கேட்டுப் பழகிய காரணத்தால் அவ்வுவமையின் கூர் மழுங்கிப்போயிற்று. வாதத்தில் எதிரியின் வாயை அடைத்தற்பொருட்டு இரண்டு வசனங்களை எடுத்து வீசுபவனையே பட்டயம் ஏந்திய வீரன் என்று மெச்சுகின்றோம். பட்டயம் கையில் இருப்பது மெய். அதன் முனை யாரை நோக்கியிருக்கிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

உவமை எபேசியர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா என அங்கே கூறப்படும் முதல் ஐந்தும் உடலைக் காப்பன. ஆறாவதாகிய பட்டயம் ஒன்றே ஆயுதம். அதற்கு மூலத்தில் நிற்கும் 'மகைரா' என்னும் கிரேக்கச் சொல், நெருங்கிநின்று பொரும் குறுவாளைக் குறிக்க வழங்குவது. தூர நிற்பவன்மேல் எறிவதற்கு அது ஈட்டியன்று. மேலும், இக்கவசங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுமுன்னரே, நம் போர் மாம்சமும் இரத்தமுமாகிய மனிதரோடு அன்று என்று நிருபாசிரியர் வரையறுத்துவிடுகின்றார். தம்மை விலங்கு பூண்டவராகக் குறிப்பிடும் அவர், அவ்விலங்கை இட்டவரைப் பகைவரென்று ஓரிடத்தும் சொல்லாதது கவனிக்கத்தக்கது.

நிற்க. இப்பட்டயம் வழங்கும் முறையைக் கற்க விரும்புவோர் நம் ஆண்டவரின் வனாந்தரச் சோதனையை மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் மெல்லப் படித்தல் வேண்டும். மூன்று சோதனைகள், மூன்றுக்கும் வேதவாக்கியமே விடை. அம்மூன்றும் வேதமெங்கும் தேடித் திரட்டிய துணுக்குகள் அல்ல. யாவும் உபாகமம் ஒன்றிலிருந்து, அதிலும் 6, 8 என்னும் இரண்டு அதிகாரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவ்வதிகாரங்களோ, 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைந்து, பசியிலும் தாகத்திலும் முறுமுறுத்துத் தவறிய ஒரு ஜனத்துக்கு அவர்களுடைய சரித்திரத்தை நினைப்பூட்டுவன. 40 நாள் பசித்திருந்தவர், தமக்கு முன் அதே நிலத்தில் இடறியவர்களின் கதையையே கைப்பிடியாகக் கொண்டார். பாலைவெளியில் அவரிடம் புத்தகச்சுருள் இருந்ததாக எழுதப்படவில்லை. காலையிலும் மாலையிலும் யூதர் ஓதி வந்த பகுதி அதே 6-ஆம் அதிகாரத்தில் உள்ளதாதலின், சோதனை வருமுன்னரே வாக்கியம் உள்ளத்தில் குடியேறியிருந்தது என்று கொள்ளுதல் தகும்.

(அவ்விரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே நிற்கும் 7-ஆம் அதிகாரம் அயல் இனத்தாரை அழிக்கச் சொல்லுவது. முன்னும் பின்னும் தொட்ட ஆண்டவர் அதனை அப்பொழுது தொடவில்லை. இதனின்று ஒரு சித்தாந்தம் கட்ட நாம் துணியோம். ஆயினும் மறக்கவும் இயலவில்லை.)

சோதிப்பவனும் வேதம் சொல்லுகின்றான் என்பது அவ்வதிகாரத்தின் அச்சந்தரும் பகுதி. அவன் எடுத்தது 91-ஆம் சங்கீதம். இடையில் ஒரு சிறு தொடரை விட்டுவிட்டான். சர்ப்பத்தை மிதிப்பதைப்பற்றிய அடுத்த வசனத்துக்கு வருமுன் நிறுத்திக்கொண்டான். ஆதலால் வசனம் தெரிந்திருத்தல் மாத்திரம் ஒருவனை இன்ன பக்கத்தான் என்று காட்டிவிடாது.

இன்னொன்று. அப்பம் மாத்திரம் மனிதனுக்குப் போதாது என்னும் கருத்தமைந்த வாக்கியத்தை ஆண்டவர் தம்முடைய பசிக்கே சொல்லிக்கொண்டார். பின்னொரு நாள் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபொழுது, அவ்வாக்கியத்தை அவர்களுக்கு எடுத்துரைத்து அனுப்பிவிடவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். தம் வயிற்றுக்கு வேதவாக்கியம், பிறர் வயிற்றுக்கு அப்பம். நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்து வருகின்றோம். வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குப் பொறுமையைப்பற்றிய வசனம் சொல்லுவதிலும் கொடிய பட்டயவீச்சை நாம் அறியோம்.

இது வெறும் கற்பனையன்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைப்பட்டிருந்த நீக்ரோவரின் உபயோகத்துக்கென்று தெரிந்தெடுத்த பகுதிகளாக ஒரு வேதபுத்தகம் லண்டனில் 1807-ஆம் ஆண்டு அச்சிடப்பட்டது. முழு வேதத்தில் 1,189 அதிகாரங்கள் உள. அப்பதிப்பிலோ 232 மாத்திரமே. யோசேப்பு அடிமையாய் விற்கப்பட்ட கதை இருந்தது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்ட கதை இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமை இல்லை என்னும் கலாத்தியர் நிருபப் பகுதி இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிக என்னும் புத்தி இருந்தது. அது எபேசியர் 6-ஆம் அதிகாரத்தது, பட்டயத்தைப்பற்றிச் சொல்லும் அதே அதிகாரம்! பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் செய்ததும் அவ்வாண்டே. அப்பதிப்பின் பிரதிகளில் ஒன்று அமெரிக்காவிலுள்ள ஃபிஸ்க் சர்வகலாசாலையில் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென்று 1866-இல் மிஷன் சங்கத்தாரின் உதவியால் தொடங்கிய கல்விநிலையம் அது. வெட்டியவர் அறியாத ஒன்று உண்டு: யாத்திராகமத்தை ஒரு புத்தகத்தினின்று எடுக்கலாம், ஒரு ஜனத்தின் செவியினின்று எடுத்தல் அரிது. மோசேயின் கதை அமெரிக்க அடிமைகளின் பாட்டுக்களில் ஏறி நின்றது.

கடல் கடந்த கதையென்று நாம் பெருமூச்செறிந்து போய்விடலாகாது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் உழைப்பால் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிற்று. அன்றுமுதல் இப்பட்டயம் நம் தாய்மொழியிலும் உண்டு. நூறாண்டுக்கு மேலாகியும், 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் ஐயர் சபையில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று நிருபம் விடுத்தபொழுது, ஒன்றாய் உட்கார மனமின்றிச் சபையைவிட்டு விலகினோர் பலர். அவர்கள் வேதம் கேளாதவர்களா? இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பிரிந்து கிடக்கிறது. அவ்விடங்களிலும் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கப்படுகிறது. நம் மாணவருள் திருமணப் பேச்சு வருங்கால் அயலாருடன் பிணைப்பைப்பற்றிய வசனத்தைச் சாதிக்கு அரணாக வைப்போரும் இலரென்று சொல்லமாட்டோம்.

அங்ஙனமாயின் பிறர் தீங்கை வேதத்தால் கண்டிக்கவே கூடாதோ என்று சிலர் வினவலாம். கண்டிக்கலாம். நாத்தான் தாவீதைக் கண்டித்தான். ஆனால் அவன் சென்றது அரண்மனைக்கு, குடிசைக்கு அன்று. சொன்னதும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை; வசனத்தை ஓங்கிக்கொண்டு அவன் உள்ளே நுழையவில்லை.

பெரும்பாலும் இப்பட்டயம் தைக்கவேண்டிய இடம் ஏந்தியவனுடைய நெஞ்சமே. எபிரெயர் நிருபம் அதனை உள்ளத்தின் எண்ணங்களை வகுத்தறிவது என்றே விவரிக்கிறது. 386-ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீன், குழந்தைக் குரலொன்று கேட்டு ரோமர் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட 13-ஆம் அதிகாரப் பகுதி, களியாட்டத்தையும் காமத்தையும் விடச் சொல்லிற்று. வாதங்களில் வல்லவராகிய அவர், அதனைக் கொண்டு எவரையும் வெல்லப் புறப்படவில்லை. தாமே வெட்டுண்டார்.

இனி நம் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வசன மனனத்துக்கு நாம் கொடுக்கும் பரிசுகள், துணுக்குகளின் எண்ணிக்கைக்கே கொடுக்கப்படுகின்றன. நூறு வசனம் ஒப்பிப்பவன் முன்னும் பின்னும் யாதென்று அறியாமலே கோப்பை பெறுகின்றான். வரும் ஆண்டில் உபாகமம் 6-ஆம், 8-ஆம் அதிகாரங்களை முழுமையாக ஒப்பிப்பவருக்குப் பரிசளித்துப் பார்க்கலாம். ஒப்பித்தபின், சென்ற வாரத்தில் எந்த நாழிகையில் அவ்வாக்கியம் தனக்கு எதிராய் நின்றது என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். விடையைப் பிறர் கேளாதபடி ஆசிரியரிடம் தனியே சொன்னாற் போதும். இரண்டு அதிகாரங்களும் சேர்ந்து 45 வசனங்களே. நாளொன்றுக்கு ஒன்றரை வசனமாக ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.