மலிவு விற்பனைக்கு முன் ஒரு 555 புத்தகம் வாங்குவோம்



ஆயர் தாவார், சித்தியவான், கம்போங் கோ, பந்தாய் ரெமிஸ் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் சகோதர சகோதரிகளுக்கும், ஒரே தோட்டத்து லயத்தில் எங்களோடு பிறந்து வளர்ந்த மற்றச் சமயத்து நண்பர்களுக்கும் நாங்கள் கூடிப் பேசி எழுதும் வேண்டுகோள் இது.

நாங்கள் பதிவு பெற்ற சங்கம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு தேநீருக்கு உட்காருகிறவர்கள். எங்களில் கடை வைத்திருப்பவர் உண்டு, ஆசிரியர் உண்டு, பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் உண்டு, பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்களும் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கடனில் வந்து நின்றது. வீட்டுக்கு வாங்கிய கடனோ ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனோ இல்லை. பாதி விலை என்று சொல்லி வாங்கிய சாமானுக்காக ஏறிய கடன்.

முன்பெல்லாம் மலிவு விற்பனை என்றால் பெருநாளுக்கு முன்னால் ஈப்போவுக்குப் பஸ் ஏறுவோம். போகவரச் செலவு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்று கணக்குப் பார்த்தே புறப்படுவோம். இப்போது கடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சீனாவில் அலிபாபா நிறுவனம் 2009இல் நவம்பர் 11ஐ விற்பனை நாளாக ஆக்கியது. அந்த வழக்கம் இங்கே ஷாப்பி, லசாடா வழியாக 9.9, 10.10, 11.11, 12.12 என்று பெருகிவிட்டது. இடையில் நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு, பள்ளி திறப்பு, ஆண்டு முடிவு. இவை போதாதென்று மாதாமாதம் 25ஆம் தேதி வாக்கில் சம்பள நாள் விற்பனை. பலருக்குச் சம்பளம் கைக்கு வருவதற்குள் அது வந்துவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மலிவாக வாங்குவது பாவம் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்ன தோழரிடம், சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டச் சொன்னார்கள். எங்கள் பாட்டன்மார் பலர் இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்ததும் வியாபாரத்தை நம்பித்தான். தேவையான பொருள் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குவது சிக்கனம். தேவையே இல்லாத பொருள் எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் அது செலவுதான். எழுபது வெள்ளிச் சட்டையை முப்பது வெள்ளிக்கு வாங்கிவிட்டு நாற்பது வெள்ளி மிச்சம் என்கிறோம். அலமாரியில் ஏற்கெனவே பத்துச் சட்டை இருந்தால் முப்பது வெள்ளி போனது என்பதுதான் கணக்கு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் நினைவிருக்கும். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. பலசரக்குக் கடையில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று கடனுக்கு வாங்குவதெல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கடைக்காரர் கூட்டிச் சொல்வார், நாம் கட்டுவோம். மிதிவண்டியில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களிடமும் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அந்தக் கடனில் கஷ்டம் இருந்தது, சில இடங்களில் அநியாயமும் இருந்தது. ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிந்த கடன். பக்கம் நிரம்பினால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அம்மா நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாதம் பிஸ்கட் வேண்டாம் என்பார்.

இன்றைய கடனுக்கு அந்தப் பார்வை இல்லை. இப்போது வாங்கிக்கொள், பிறகு கட்டு என்ற திட்டத்தில் ஒரு செயலியில் காலணி, இன்னொன்றில் ஹெட்போன், வேறொன்றில் பெருநாளுக்குக் குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுப்பு. ஒவ்வொரு தவணையும் சின்னதாகத்தான் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 60, 85, 45, 110, 90 ரிங்கிட் என்று ஐந்து தவணை என்றால் மொத்தம் 390 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போனால் மிச்சம் 1,513. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடுகிறது. வாடகையும் அரிசியும் பெட்ரோலும் பள்ளிச் செலவும் இன்னும் தொடங்கவில்லை. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே மாதாமாதம் கட்டுவதை என்னவென்று சொல்வது?

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையைப் பற்றியதல்ல அது, நோன்பைப் பற்றியதும் அல்ல. கடனைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்று அந்த வசனம் விவரமாகப் போகிறது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டும் எழுத்திலிருந்து விலக்கு உண்டு. எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் 555 புத்தகத்தில் எழுதியபோது அந்த வசனத்தை நினைத்தாரோ இல்லையோ, அதன் ஒரு பகுதியைச் செய்துகொண்டிருந்தார். நாம்தான் எழுதுவதை விட்டுவிட்டோம். சாட்சியும் போயிற்று. கணவன் எடுத்த தவணை மனைவிக்குத் தெரியாது, மனைவி எடுத்தது கணவனுக்குத் தெரியாது, மகன் எடுத்தது இருவருக்கும் தெரியாது.

கடன் என்ற சொல்லை நம் முன்னோர் சும்மா பயந்து பார்க்கவில்லை. கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது நபியவர்கள் தாமே தொழவைக்காமல் தோழர்களிடம் தொழச் சொன்னார்கள். அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூ கத்தாதா (ரலி) சொன்ன பிறகே தொழுவித்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. நபியவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் என்று கேட்டதற்கு, கடன்பட்டவன் பேசும்போது பொய் சொல்லிவிடுகிறான், வாக்குக் கொடுத்துவிட்டு மீறிவிடுகிறான் என்று காரணம் சொன்னார்கள். வசூலுக்கு அழைப்பு வரும்போது, அத்தா வீட்டில் இல்லை என்று சொல் எனப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பதினான்கு நூற்றாண்டுக்கு முன் சொன்னது நம் வரவேற்பறையில் நடக்கிறது.

ஆகவே வாங்குகிறவர்களை நாங்கள் கேட்டுக்கொள்வது இவை:

1. விற்பனை நாளுக்கு ஒரு வாரம் முன்பே தேவைப் பட்டியலை எழுதுங்கள். ஷாத்திபி போன்ற இமாம்கள் மனிதத் தேவையை மூன்று படியாகப் பிரித்தார்கள். இல்லாவிட்டால் வாழ முடியாதது, இல்லாவிட்டால் சிரமப்படுவது, இருந்தால் அழகு சேர்ப்பது. நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினால் போதும். அழகு கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அது முதல் பத்தியின் காசில் வரக்கூடாது.

2. பட்டியலில் எழுதிய பொருளின் இன்றைய விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். விற்பனை நாளில் உண்மையாகவே குறைந்திருக்கிறதா, ஏற்றிவிட்டு இறக்கியிருக்கிறார்களா என்பது அப்போது தெரியும்.

3. நள்ளிரவு விற்பனைக்குக் கண்விழிக்காதீர்கள். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி, இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து என்று ஓடும் கடிகாரம் யோசிக்க விடாது, சுபுஹையும் தவறவைக்கும். ஜும்ஆவுக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்கிறது குர்ஆன். பள்ளிவாசல் வரிசையில் உட்கார்ந்து குத்பா நேரத்தில் வவுச்சர் தேடுகிறவர்கள் அதை நினைக்கட்டும்.

4. ஓடுகிற தவணை ஒன்று முடியாமல் இன்னொன்றைத் தொடங்காதீர்கள். எந்தத் தவணையும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்தே இருக்கட்டும்.

5. பொருள் வந்ததும் காசு தருகிறேன் என்று பதிந்துவிட்டு, வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்று திருப்பாதீர்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லித்தான் மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. வெயிலிலும் மழையிலும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வருகிற பையன் நம் ஊர்ப் பையன். அவன் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொல்வது?

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று நம் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே உடுப்பும் பலகாரமும் விற்கிறார்கள். மகிழ்ச்சி. நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரலில் ஈரம் பட்டது. நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். படத்தில் பட்டு, பொட்டலத்தில் பாலியஸ்டர் என்றால் அதுவும் அடியில் மறைத்த ஈரம்தான். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர், அதை நபியவர்கள் தடுத்தார்கள். பொருளைத் தொட்டே பார்க்காத உறவினரிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கிப் போடுவது அதற்கு எவ்வளவு தூரம்?

கதீப்மார்களையும் மத்ரஸா உஸ்தாதுகளையும் பணிவோடு கேட்கிறோம். நோன்பு தொடங்குமுன் ஒரு குத்பா, ஆண்டு முடிவுக்கு முன் ஒரு குத்பா கடனைப் பற்றி இருக்கட்டும். தாமதக் கட்டணம் வாங்கும் தவணைத் திட்டங்களில் எது ஆகும், எது ஆகாது என்பதைப் பெயர் சொல்லி விளக்குங்கள். இளைஞர்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள், நீங்களே தொடங்குங்கள்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு தலைமையேற்று நடத்தியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம். தேவைக்கு மேல் நுகர்வது மனிதனையும் மண்ணையும் கெடுக்கும் என்று எல்லா இனத்தாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். 2019 மே 17, நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமையில் மறைந்தார். அவர் சங்கம் தமிழிலும் பயனீட்டாளருக்காகப் பத்திரிகை நடத்தியது. ஒரு வியாபாரியே வாங்குகிறவர்களின் பக்கம் நின்றார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் மனம் உடைய வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் காசு வாங்காமல் உதவுகிறது, ஈப்போவிலும் கிளை உண்டு. பொருளில் ஏமாந்தவர்கள் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மோசடி என்று தெரிந்த உடனே 997க்கு அழையுங்கள். கடன் கொடுத்தவர்கள் நம்மில் இருந்தால், கஷ்டப்படுகிறவனுக்கு அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது என்று குர்ஆன் சொல்வதை மறக்க வேண்டாம்.

555 புத்தகம் இன்னும் பலசரக்குக் கடைகளில் கிடைக்கிறது. விலை சில்லறைக் காசுதான். அடுத்த மலிவு விற்பனைக்கு முன் வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள். ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து, இருக்கிற கடனை முதல் பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதுங்கள். அது அடைபடும் வரை இரண்டாம் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஆயர் தாவார் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர் சிலர்