உபகாரச் சம்பளம் உரியாரைச் சேருமாறு

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அப்பணியை நம்மினும் வல்லார் செய்வாராதலின், நாம் வேறொரு பொருள்பற்றிச் சில கூற விழைகின்றோம். பழைய மாணவராகிய நம்மிற் பலர் இந்நாளிற் கல்விக்கென நிதி திரட்டுவோராயும், உபகாரச் சம்பளம் பெறுவோரைத் தெரியும் சபைகளில் அமர்வோராயும் இருக்கின்றோம். கொடுக்கும் மனமுடையார் பலர். கொடுத்தது யாரைச் சென்றடைந்தது என்று திரும்பிப் பார்ப்பார் சிலரே.

அண்மைக் காலத்தில் நம் இளைஞர் நாடும் புதுத்துறைகளுள் வடிவமைப்பு ஒன்று. ஆடை, அணி, தளபாடம், பொதி, அச்சுப்படம் ஆகிய எல்லாம் அதன்பாற்படும். அரசு பல்கலைக்கழகங்களுள் மொறட்டுவையில் வடிவமைப்புப் பட்டநெறி உண்டு, அதற்கு உளச்சார்புப் பரீட்சையிலும் தேறல் வேண்டும், இடங்களோ சில. எஞ்சியோர் தனியார் கல்லூரிகளையே நோக்குகின்றனர். கொழும்பிலுள்ள ‘அக்கடமி ஒப் டிசைன்’ என்னும் நிறுவனம் இங்கிலாந்தின் நோர்தம்பிரியா பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டக்கல்வி நடத்தி வந்துள்ளது. இத்தகைய கல்லூரிகளின் கட்டணம் தோட்டத் தொழிலாளி கனவிலும் எண்ணத்தக்கதன்று. அவர் நாட்கூலி 1000 ரூபாவாக உயர்வதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இலே அடிப்படைக் கூலி 1350 ரூபா என வரையறுக்கப்பட்டது. ஆகவே, மலையகப் பிள்ளைக்கு இக்கல்வியின் வாயில் உபகாரச் சம்பளம் ஒன்றே.

அவ்வாயில் எங்ஙனம் திறக்கப்படுகின்றது? ஒரு கல்லூரியைச் சுட்டி நாம் இதனைக் கூறவில்லை; உலகெங்கும் வடிவமைப்புக் கல்லூரிகள் பெரும்பாலும் கைக்கொள்ளும் முறையையே கூறுகின்றோம். விண்ணப்பதாரர் தாம் வரைந்தவற்றை ஒரு தொகுப்பாக்கிக் காட்டல் வேண்டும். பின்னர் நேர்முகப் பரீட்சை. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், தலைநகரில். கேட்குமிடத்து எவர்க்கும் பொதுவான நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். ஆயின், அத்தொகுப்பு எதனால் ஆனது என்று சற்றே எண்ணுக. நல்ல கடதாசி, நிறக்குழம்பு, தூரிகை, வரைவதற்கு ஒரு மேசை, மேசை வைப்பதற்கு ஓர் இடம், ‘இது நன்று, அதை நீக்கு’ என்று சொல்ல ஓர் ஆசிரியர் ஆகிய இத்தனையும் வேண்டும். லயத்து அறையொன்றில் ஐவர் அறுவரோடு வாழும் பெண், விளக்கணைத்து மற்றோர் உறங்கிய பின் எங்கே வரைவாள்? சித்திர ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனை! கொழும்புப் பிள்ளையின் தொகுப்பிலே தனிவகுப்பு ஆசிரியரின் கையும் சேர்ந்திருப்பதை நடுவர் அறியார். அறியினும் அதனைக் கழித்து மதிப்பிட வழியில்லை. இவ்வாறு பரீட்சிக்கப்படுவது பிள்ளையின் கையன்று, அதன் வீடு. மஸ்கெலியாவிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு வருவதாயின் தந்தையும் உடன்வருதல் வேண்டும். பஸ் கட்டணத்தோடு இருநாட் கூலியும் போம். இவற்றையெல்லாம் கடந்து வந்தபின், தமிழிலே தெளிவாகச் சொல்லக்கூடிய கருத்தை ஆங்கிலத்திற் சொல்லத் தடுமாறுவாளாயின், ‘தன்னம்பிக்கை போதாது’ என்று குறிப்பெழுதுவர்.

மலைநாட்டிலே இக்கலைக்குரிய கை உண்டோ என்று ஐயுறுவார்க்கு ஒரு சொல். மாசி மாதத்திலே தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தைக் கண்டவர் அவ்வாறு வினவார். மின்னும் தாளும் அட்டையும் கொண்டு மன்மதனுக்கு முடியும் புயவணியும் சமைப்போர் எக்கல்லூரியிலும் பயின்றவரல்லர். தேயிலைப் பொதிகளின்மேல் கூடை சுமந்து நிற்கும் மாதின் படம் உலகம் முழுதும் செல்கின்றது. படத்திலிருப்பவள் நம் அத்தை. அப்படத்தை வரையும் வேலைதான் இன்னும் நம் வீட்டுக்கு வந்திலது.

தனியார் பணம், தனியார் விருப்பம். கேட்க நாம் யார் என்பர் சிலர். கட்டணத்தைக் குறைத்து நல்ல மாணவரைச் சேர்த்துக்கொள்வது வாணிப முறையில் தவறன்று. அதனைக் கட்டணக் கழிவு என்றே கூறுக. ‘உபகாரச் சம்பளம்’ என்னும் பெயரை ஏறிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்யும்பொழுது, யாருக்கு, எவ்வளவு, எவ்விதி கொண்டு என்று கேட்கும் உரிமை ஊரார்க்கு உண்டாகின்றது.

திறமையின் அளவைத் தாழ்த்தல் ஆகாது என்பதே வலிய தடை. அதனை நாமும் உடன்படுகின்றோம். ஆயின், அளவைத் தாழ்த்தாமலே அளக்கும் கோலைத் திருத்தலாம். 1961இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம், விண்ணப்பதாரரை அழைத்து, தாளும் கம்பியும் களிமண்ணும் போன்ற பொருள்களை அங்கேயே கையிற் கொடுத்து, குறித்த நேரத்துள் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லும் பரீட்சை நடத்திவருகின்றது. பின்தங்கிய வகுப்பினர்க்கென இட ஒதுக்கீடும் அங்கு உண்டு. அதனால் அந்நிறுவனத்தின் பெயர் குன்றவில்லை.

நம் நாட்டு அனுபவமும் ஆராயத்தக்கது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களிலிருந்து படிப்படியாகத்தான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே ஒரு நல்விதி இருக்கின்றது: புள்ளி பெற்றவர் எவரும் பெரிய பாடசாலைக்குச் செல்லலாம், பணம் மட்டும் குடும்ப வருமானம் நோக்கியே வழங்கப்படும். பெருமை வேறு, பணம் வேறு என்னும் இப்பாகுபாடு தனியார் நிதிகளில் அருகியே காணப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதியிலே நாற்பது வீதம் தகுதிக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுத்துள்ளனர். நுவரெலியாவும் பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். சலுகை இருப்பதறிந்து பிற மாவட்டத்தார் நுவரெலியாவில் வந்து பரீட்சை எழுதுகின்றனர் என்னும் முறைப்பாடு பல்லாண்டாகக் கேட்கின்றது. மாவட்டத்தின் பெயரால் வழங்கப்படுவது அம்மாவட்டத்து ஏழையையே சேரும் என்பதற்கு உறுதியில்லை.

ஆதலின், தோட்டப் பிள்ளை யார் என்பதைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். தலைவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் சான்றாதல் கூடாது. கடிதம் பெறத் தெரிந்தவரே அதனால் வாழ்வர். சம்பளத் துண்டும் சேமலாப நிதி இலக்கமும் அதனினும் நல்ல சான்று. எனினும் அவற்றையே நம்பி நிற்றலும் பிழையாகும். தோட்ட வேலையை விட்டுக் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கும் பெற்றோர் இன்று பலர்; லயத்திலே பாட்டியோடு வாழும் அவர்தம் பிள்ளைகட்குக் காட்டுதற்குத் துண்டு ஏது? கிராம சேவகரின் வதிவிடச் சான்றும் பாடசாலைப் பதிவும் கொண்டு அன்னாரையும் சேர்த்தல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் இத்துறைக்கென ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்துமாயின், பரீட்சையை ஹட்டனிலே, தமிழிலே நடத்துக. எல்லார்க்கும் ஒரே தாளும் ஒரே பென்சிலும் மண்டபத்திற் கொடுக்கப்படுக. தாளிற் பெயரின்றி இலக்கம் மட்டும் இருக்க. சபையில் அமர்வோர் தம் உறவினர் பிள்ளை விண்ணப்பித்த ஆண்டில் விலகியிருக்க. வினாவும், ஒவ்வோர் இலக்கமும் பெற்ற புள்ளியும் அறிவித்தற் பலகையில் இடப்படுக. ஆங்கிலம் வேண்டுமாயின் அதனைத் தெரிவின் நிபந்தனையாக்காது, தெரிந்தெடுத்தபின் ஆறு மாதம் கற்பிக்க. யாவற்றினும் முதன்மையாக, கட்டணத்தோடு நின்றுவிடாது, கொழும்பிலே தங்குமிடம், உணவு, வரைபொருள் ஆகியவற்றின் செலவையும் கணக்கிட்டுக் கொடுக்க. பாதிக் கட்டணத்தைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து பத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதினும், இருவரை இறுதியாண்டு வரை தாங்குதல் நன்று. எத்தனை பேரைத் தெரிந்தோம் என்பதோடு, எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், எதனால் நின்றனர் என்பதும் ஆண்டறிக்கையில் அச்சேறுதல் வேண்டும்.