பம்ப் 3 ஏன் டேங்க் 2-ஐப் பார்த்து ஓடுது?

பி.எல்.சி. லேப்ல ஒரு மோட்டாருக்கு ஸ்டார்ட்-ஸ்டாப் லேடர் போடச் சொல்றாங்க. போடுறோம், லைட் எரியுது, ரெக்கார்டுல சைன் வாங்கிட்டு கிளம்புறோம். ஆனா வேலைக்குப் போனா ஒரு மோட்டார் வராது மக்களே, இருபது வரும். அப்போ எல்லாரும் செய்யறது ஒண்ணுதான்: காப்பி, பேஸ்ட்.

காப்பி பண்றதை நான் குறை சொல்லல. நல்லா ஓடுற லாஜிக்கை இருபது தடவை டைப் பண்ணா அதுலயும் தப்பு வரும். சிக்கல், ஒட்டின பிறகு மாத்தாம விட்ட அந்த ஒரு அட்ரஸ்தான்.

பம்ப் 2-க்கான ரங்கை காப்பி செஞ்சு பம்ப் 3-க்கு ஒட்டுறீங்கன்னு வைங்க. ஸ்டார்ட், ஸ்டாப், ஓவர்லோட், அவுட்புட் எல்லாம் மாத்தியாச்சு. லோ-லெவல் ஸ்விட்ச் மட்டும் டேங்க் 2-உடையதாவே நிக்குது. கம்பைலர் வாயே திறக்காது, ஏன்னா அந்த அட்ரஸ் நிஜமாவே இருக்கு. டெஸ்ட் பண்ற அன்னிக்கு எல்லா டேங்க்லயும் தண்ணி இருக்கும், பம்ப் ஜம்முனு ஓடும். மூணு மாசம் கழிச்சு ஒரு நைட் ஷிஃப்ட்ல டேங்க் 3 மட்டும் காலியாகும். பம்ப் நிக்காது. தண்ணியில்லாம ஓடி மெக்கானிக்கல் சீல் போகும். திட்டு வாங்குறது அங்க நிக்கிற ஆபரேட்டர், புரோகிராம் எழுதினவர் இல்ல. எனக்கு எரிச்சல் அங்கதான்.

அவுட்புட்டை மாத்த மறந்தா கூட பரவாயில்ல, பம்ப் 3 ஓடவே ஓடாது, அன்னிக்கே மாட்டிக்கும். இன்டர்லாக்தான் ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கும்.

ஆந்த்ரே கார்போவ் என்ற புரோகிராமர் ஓப்பன் சோர்ஸ் கோடுகளை அலசி 2014-ல் ஒரு விஷயம் எழுதினார்: ஒரே மாதிரி ஒட்டின வரிகளில் தப்பு அதிகமா இருப்பது கடைசி வரியில்தான். மனசு முன்னாடியே டீ குடிக்கப் போயிடுது போல! அவர் பார்த்தது சி, சி++. லேடர் எழுதுற கையும் மனுஷக் கைதானே.

ஃபைண்ட்-ரீப்ளேஸை முழுசா நம்பாதீங்க. 'பம்ப்1'-ஐ மாத்தச் சொன்னா 'பம்ப்10'-ஐயும் சேர்த்து மாத்திட்டுப் போயிடும். 1993-ல் வந்த ஐ.இ.சி. 61131-3 தரநிலையிலேயே ஃபங்ஷன் பிளாக் இருக்கு. லாஜிக்கை ஒரு தடவை எழுதி இருபது தடவை கூப்பிடலாம். மாத்த வேண்டிய இன்புட் எல்லாம் பிளாக்கோட இடது பக்கம் வரிசையா கண்ணுல படும். ஒவ்வொரு பம்புக்கும் தனி இன்ஸ்டன்ஸ் கொடுக்கணும், அதையும் காப்பி அடிச்சா பழைய கதைதான்.

அப்புறம் கிராஸ்-ரெஃபரன்ஸ் லிஸ்ட்டைத் திறங்க. டேங்க் 3 ஸ்விட்ச் எங்கேயுமே பயன்படலன்னு அதுவே காட்டிக் கொடுக்கும். இரண்டு நிமிஷ வேலை.

நம்ம லேப்ல ஒரு எக்ஸ்பெரிமெண்டை இப்படி வைக்கலாம்னு தோணுது: மூணு பம்ப், எழுதி முடிச்ச புரோகிராம், உள்ளே ஒரு தப்பான அட்ரஸ். லெவல் ஸ்விட்ச்சை ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணி, அந்தந்த பம்ப் நிக்குதா, மத்த ரெண்டும் ஓடிட்டே இருக்கான்னு பார்த்துக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு மார்க்.