பெண் கையில் லெஜிம் இருக்கட்டுமே!

ஜனவரி பிறந்துவிட்டால் மும்பைப் பள்ளி மைதானங்களில் காலை வேளையில் 'ஜல், ஜல்' என்ற ஓசை கேட்கும். குடியரசு தின விழாவுக்குப் பிள்ளைகள் லெஜிம் பழகுகிறார்கள் என்று அர்த்தம். ரயிலைப் பிடிக்க ஓடும் நம்மவர்களில் எத்தனை பேர் ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்த்திருப்போம்?

இந்த ஆண்டு எங்கள் சாலில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பள்ளி லெஜிம் குழுவில் முன்வரிசையில் ஆடுபவள். விழாவுக்கு நான்கே நாள் இருக்கும்போது தகப்பனார் அவளை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வயசுக்கு வரப்போற பிள்ளை அண்ணாச்சி. ரோட்டுல கொட்டுக்காரன் பின்னால ஆடிக்கிட்டுப் போனா ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றார். 20 ஆண்டுப் பழக்கம், நல்ல மனிதர். ஆனாலும் இதில் அவர் கட்சி சரியல்ல.

லெஜிம் என்பது ஒரு முழத்துக்குள் அடங்கும் மரத்தடி. அதன் இரு முனைகளையும் ஓர் இரும்புச் சங்கிலி இணைக்கும். சங்கிலியில் ஜோடி ஜோடியாக மெல்லிய தகடுகள், நம் பஜனை ஜால்ராவைச் சிறிதாக்கிக் கோத்ததுபோல. ஒரு கை தடியைப் பிடிக்க, மறு கை சங்கிலியை இழுத்து விட, குனிந்தும் நிமிர்ந்தும் உட்கார்ந்து எழுந்தும் ஆட வேண்டும். 'சார் ஆவாஜ்', 'ஆட் ஆவாஜ்' என்று நாலுக்கும் எட்டுக்கும் கணக்கு உண்டு. ஒருத்தி தப்பினால் வரிசை முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தோளும் தொடையும் கெஞ்சும். மராட்டியக் குஸ்திக் கூடங்களில் தேகப்பயிற்சியாகப் பழகியது அல்லவா! பெயர்கூடப் பாரசீகத்திலிருந்து வந்தது. நாணுக்குப் பதில் சங்கிலி கட்டிய பயிற்சி வில்லுக்கு அங்கே அந்தப் பெயர்.

'கொட்டுக்காரன்' என்றாரே, அவன் அடிப்பது ஹல்கி. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, இரண்டு குச்சிகளால் அடிப்பது. பார்த்தால் நம் பறை என்றே சொல்வீர்கள். ஊரில் பறைக்குக் கற்பித்த இழிவை இத்தனை தூரம் சுமந்துவந்து ஹல்கியின் மேல் இறக்கிவைக்கிறோம். அதுதான் அசல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண் பிள்ளை, ரோடு என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

மராட்டியர்களுக்குள்ளும் லெஜிமால் சண்டை வந்ததுண்டு. 2025 ஜனவரியில் 'சாவா' படத்தின் முன்னோட்டத்தில் சம்பாஜி மகாராஜா லெஜிம் ஆடுவதாக வந்த காட்சிக்கு எதிர்ப்புக் கிளம்பி, இயக்குநர் அதை நீக்கினார். மன்னருக்குத் தகுமா என்பது அங்கே வழக்கு. நாம் மன்னர் வம்சம் அல்லவே! அதே மராட்டியத்தில், சாங்லியில், 2014 ஜனவரி 26 அன்று 7,000-க்கும் மேற்பட்டோர் ஒன்றாக லெஜிம் ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். குடி பாட்வா அன்று கிர்காவ் ஊர்வலத்தைப் போய்ப் பாருங்கள். ஒன்பது கஜப் புடவை கட்டிய பெண்கள் நடுத்தெருவில் லெஜிம் ஆடிச் செல்வார்கள். அவர்களை எந்த நாலு பேர் என்ன சொன்னார்கள்?

விழா அன்று அந்தப் பெண் மாடி வராந்தாவில் நின்றிருந்தாள். கீழே அவள் குழு போயிற்று. கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் எட்டுவரை தட்டிக்கொண்டிருந்ததைத் தகப்பனாரும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்டு 15-க்கு மறுபடி ஆள் எடுப்பார்கள். அதற்குள் அவரிடம் இன்னொரு தரம் பேசுவதாக இருக்கிறேன்.