ஆபீசில் பாட்டு "காப்பி" போட்டுக் கொடுத்தால் ஜெயிலா?
குமாஸ்தாக்களே, உஷார்!

துவாக்குடி:-

"அண்ணே, இளையராஜா பாட்டு நிறைய வச்சிருக்கீங்களாமே... இந்த பென் டிரைவில் ஒரு காப்பி போட்டுக் கொடுங்களேன்!"

துவாக்குடி தொழிற்பேட்டையில் டீ நேரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் கேசட். அப்புறம் சி.டி. இப்போது பென் டிரைவ், வாட்ஸ்அப்.

காசு வாங்கவில்லையே, இதில் என்ன குற்றம் என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்!

3 வருஷம் வரை

1957ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 63வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். அபராதம் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை.

இது ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறிவிட்டது. அதாவது, போலீஸ் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். ஜாமீனுக்குக் கோர்ட்டு வாசலில்தான் நிற்கவேண்டும்.

சொந்த உபயோகத்துக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் 40 பேருக்குக் கொடுத்துவிட்டு "சொந்த உபயோகம்" என்றால் கோர்ட்டு நம்புமா?

லாப நோக்கம் இல்லை என்றால் தண்டனையை நீதிபதி காரணம் எழுதிக் குறைக்கலாம். தண்டனைதான் குறையும். குற்றம் குற்றமே!

மாட்டுவது யார்?

போலீசின் குறி பெரும்பாலும் விற்கிறவர்கள் மேல்தான். திருட்டு வி.சி.டி.காரர்களுக்காக 2004ல் குண்டர் சட்டத்தையே தமிழக அரசு திருத்தியது.

ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் காப்பி போட்டால் கம்பெனியும் மாட்டலாம். "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று நிரூபித்தால் முதலாளி தப்பலாம். அப்புறம்? காப்பி போட்ட குமாஸ்தா தலையில்தான் விடியும். கேஸ் வராவிட்டாலும் மெமோ வரும்!

நண்பருக்கே நோட்டீஸ்

உரிமை விஷயத்தில் சிநேகிதம் செல்லாது. 2017ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு, அனுமதியின்றித் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. ஊரே வாயடைத்து நின்றது.

"பழைய பாட்டுதானே" என்றும் சொல்லமுடியாது. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 வருஷம் உரிமை உண்டு. பாட்டு வரிக்கோ, எழுதியவர் மறைந்த பிறகு 60 வருஷம். கண்ணதாசன் மறைந்தது 1981ல். அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை இருக்கிறது!

வழி என்ன?

ரேடியோ இருக்கிறது. முறையாக உரிமை வாங்கிப் பாட்டுப் போடும் செயலிகள் இருக்கின்றன. சில இலவசம், சில மாதச் சந்தா.

பக்கத்து சீட்டுக்காரர் பாட்டுக் கேட்டால் பாட்டைக் கொடுக்காதீர்கள். பாட்டின் பெயரைச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை!